பத்தே நாளில் நீச்சல்

12 ஜூன் 2004, சனி

வீரபாண்டியிலிருந்து ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகையில் வந்த விளம்பரம்: ‘பத்தே நாளில் நீச்சல் நிச்சயம்.’

“எம்மக பத்து நாளும் போனா சார். அந்தத் தைரியத்துல ஆத்துல எறங்கிட்டா. துணி தொவைச்சவுக முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாக. ஆஸ்பத்திரில வாயே தெறக்காமக் கெடக்கா. அந்த வாத்தியார் ஏமாத்துனத நியூஸாப் போடுங்க.”

அவர் எதிரிலேயே வாத்தியாருக்கு போன் செய்தேன். “தண்ணிப் பயம் போகும்னுதான சார் எழுதிக் குடுத்தேன்? நீச்சல்னு மாத்துனது நீங்கதான?”

நான்தான். இங்கே செய்தி எழுதுகிறவர்களே விளம்பரமும் பிடிக்கிறோம். வரி பளிச்சென்று இருக்கட்டும் என்று மாற்றினேன்.

மறுமுனையில் அவர் சொன்னது கேட்காத அந்த அம்மா, “போட்டுருவீகள்ல, சார்?” என்றார்.

தலையாட்டினேன்.

குறிப்பேட்டில் பெண்ணின் பெயரும் வயதும் இருக்கின்றன. அதற்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை.