டொக்டரிட்டை நீ சொன்னது

ரொறன்ரோ, 12.3.1992

என்ரை தம்பிக்கு,

முருகன் துணை. சுவிஸ் டொக்டர் மனசைத் திறக்கிற குளிசை விழுங்கத் தந்து, கண்ணுக்கு முன்னாலை விரலை அங்காலை இங்காலை ஆட்ட, நீ எல்லாத்தையும் சொல்லி அழுதாய் எண்டு எழுதியிருக்கிறாய். இப்ப நல்லா நித்திரை வருதாம். சந்தோசம்.

இங்கை பார்க்டேல் டொக்டரும் எனக்கு விரல் ஆட்டுறார், குளிசைதான் இல்லையாம். அது தீபம் காட்டுற மாதிரிக் கிடக்க, நான் கும்பிட்டுக் கண்ணை மூடிப்போட்டன். "அன்ரி, கண்ணைத் திறவுங்கோ!" எண்டு மொழிபெயர்க்க வந்த பெட்டை கத்துறாள். திறந்து எதைச் சொல்லுறது? நான் ஒண்டும் காணேல்லையே.

ஊரிலை சண்டை நடக்கேக்கை, ஆஸ்பத்திரிக்கெண்டு என்ரை பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்தினவன் நீ. தனியத் திரும்பி வந்தவனும் நீ. ஐஞ்சு வருசமாக் கேக்கிறன், "பிறகு சொல்லுறன் அக்கா" எண்டுறாய்.

முன்பின் தெரியாத டொக்டருக்குச் சொல்லிப்போட்டாய். பெத்தவளுக்கும் எழுதடா. கண்ணை மூடாமல் வாசிப்பன்.

உன்ரை அக்கா