ஆடிப்பெருக்கிலிருந்து எண்ணிய குழந்தை

அத்தை,

இன்று காலை புத்தூரில் உங்கள் பேரன் பெண்டாட்டிக்கு முதல் ஸ்கேன். வயிற்றில் அந்தப் பசையைத் தடவியதும், "ஜில்லுன்னு இருக்கு அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னை அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம், நீங்கள்தான் எனக்குப் பின்னால் நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

திரையில் திராட்சை அளவுக்கு என்னவோ துடித்தது. டாக்டர் அதன் தலையிலிருந்து அடிவரை அளந்து, "ஒன்பது வாரம்" என்றார். இவள் மிரண்டு போனாள். "கல்யாணம் ஆகியே ஏழு வாரம்தானே அத்தை ஆகுது?" என்று என் காதைக் கடித்தாள். "அசடே, முதல் ரெண்டு வாரம் குழந்தையே கிடையாதுடி. வெறும் கணக்குதான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று அவள் கேட்கவில்லை.

இவள் புருஷன் என் வயிற்றில் இருந்தபோது எனக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. உங்கள் பிள்ளை மஸ்கட்டிலிருந்து ஆவணி பிறந்ததும் வந்தார், ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். புரட்டாசியில் எனக்கு வாந்தி. நீங்கள்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனீர்கள். ரிப்போர்ட்டில் எட்டு வாரம் என்று இருந்தது. அதை வாங்கிப் பார்த்த உங்கள் மகள், என் நாத்தனார், விரல்விட்டு எண்ணினாள்.

"தம்பி வந்தே ஆறு வாரம்தான் ஆகுது. மீதி ரெண்டு வாரம் எங்கேருந்தும்மா வந்துச்சு?"

இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது அத்தை. பி.காம். படித்தவள்தான் நான். ஆனால் வயிற்றுக் கணக்கை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் ஏன் எனக்கு எதிராகப் பேசுகிறது என்றுதான் புரியவில்லை. கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. தம்பி போன் பண்ணுவான்ல, நான் பேசிக்கிறேன்" என்றாள் அவள். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

விடிந்ததும், "ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றீர்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் புத்தூர் போனோம். அங்கே ஆஸ்பத்திரிப் பெஞ்சில் காத்திருந்தபோது என் பக்கம் குனிந்தீர்கள்.

"உள்ள என்ன சொன்னாலும் சரி, நீ பெட்டியத் தூக்கக் கூடாது. நீ என் வீட்லதான் இருப்ப. கேட்டியா?"

"அப்போ நீங்களும் சந்தேகப்படறீங்களா அத்தை?"

நீங்கள் கையிலிருந்த டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உள்ளே போனதும் நேராகக் கேட்டீர்கள். "டாக்டரம்மா, எட்டு வாரம்னு எழுதியிருக்கீங்களே, எந்த நாள்லேருந்து எண்ணுறீங்க?"

"கடைசியா வீட்டு விலக்கான முதல் நாள்லேருந்தும்மா. கரு தங்குற நாள் யாருக்கும் சரியாத் தெரியாது. அதனால எல்லாருக்கும் இப்படித்தான் எண்ணுவோம். கரு தங்குறதே ரெண்டு வாரம் கழிச்சுத்தான். இவங்க ஆடிப்பெருக்குன்னு சொன்னாங்க. குழந்தையோட நீளத்தை அளந்து பாத்தாலும் அதேதான் வருது. சித்திரைக் கடைசியில பொறக்கும், பாருங்க."

ஆடிப்பெருக்கு என்று காதில் விழுந்ததும் நீங்கள் உங்கள் மகள் பக்கம் திரும்பிய வேகம் இருக்கிறதே, அப்பப்பா!

"அடியே, அன்னிக்கு இவ ஒதுங்கி உக்காந்திருந்தா. அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு நீயும் நானும்தானே போனோம்? காதோலை கருகமணிய நாந்தானே ஆத்துல விட்டேன்? இவளுக்கு மஞ்சக் கயிறு கட்ட முடியலையேன்னு நீதானே புலம்பின? அதுலேருந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தானே உன் தம்பி வந்து எறங்கினான்?"

"எனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று முனகினாள் அவள். அன்று மாலை போன் வந்தபோது முதலில் ஓடிப்போய் எடுத்ததும் அவள்தான். "அப்பா ஆகப் போறடா தம்பி" என்று கூவினாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள்மேல் இருந்த கோபம் எனக்கு அந்தச் சித்திரையோடு போய்விட்டது. கத்திரி வெயிலில் பிறந்தவனை ராவும் பகலும் விசிறிக்கொண்டு கிடந்தவள் அவள்தானே. உங்கள்மேல் இருந்த கோபம்தான் போகவில்லை. 'என்ன சொன்னாலும்' என்றீர்களே, அந்த வார்த்தை வருஷக்கணக்கில் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சண்டையிலும், "அன்னிக்கு நம்பலையே நீங்க" என்று அதை எடுத்து உங்கள்மேல் வீசினேன். நீங்கள் மறுத்ததே இல்லை. ஒரு முறையாவது பொய்யாக மறுத்திருக்கலாமே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் தலைவாரிவிடும்போது மறுபடி கேட்டேன். உங்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"ஆமா, நம்பல. ராத்திரி பூரா நானும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் ரெண்டு வாரம் இடிச்சுது. அதுக்காக உன்னை விட்ருவேனாடி?"

அதற்கு என்ன சொல்வதென்று எனக்கு அன்று தெரியவில்லை. பிறகு சொல்ல நீங்கள் இல்லை.

என்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகு எல்லாரும்தான் என் பக்கம் வந்தார்கள். தப்பு என்றே நினைத்துக்கொண்டு, அப்போதும் என் பக்கம் நின்றது நீங்கள் ஒருவர்தான். என்னைப் பெற்றவள்கூட அப்படி நின்றிருப்பாளா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்திருக்கும் இந்தப் பெண்ணுக்கு மாமியாராக இருக்க, அது ஒன்றைத்தான் அத்தை நான் கையில் வைத்திருக்கிறேன்.