ஞாயிற்றுக்கிழமை காயப்போட்ட விரிப்பு

ஹெல்லோய் தீவு,
1946 செப்டம்பர்

அன்பு மகன் சீவர்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவுக்கு ஆண்டவருக்கு நன்றி. நீயும் அந்தப் பனிக்கடல் ஓரத்தில் இருமல் காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கம்பியில் தொங்கவிட்ட புல் காயாமல் கறுத்துப்போய் நிற்கிறது, இந்தக் குளிர்காலத்துக்கு மாட்டுக்கு என்னத்தைப் போடுவது என்று தெரியவில்லை. உருளைக்கிழங்கில் பாதி சேற்றிலேயே கிடக்கிறது. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் தோண்டுவது நான்தான். சர்க்கரையும் துணியும் இன்னும் கூப்பனுக்குத்தான், போர் முடிந்தது என்று கொடியேற்றிப் பாடியதோடு சரி. அமெரிக்காவிலிருந்து உன் அத்தை அனுப்பிய காப்பிக்கொட்டை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, யாராவது வந்தால் போடலாம் என்று வைத்திருக்கிறேன், யாரும் வருவதுமில்லை. எனக்கு முழங்கால் வலி. அதைவிட, காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக இருக்கிறது, இது என்ன வியாதி என்று டாக்டரிடம் கேட்டால் வயது என்கிறார்.

உன் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்தத் திமிங்கில வேட்டைத் துறையிலேயே தந்தி வேலை பார்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே "அவன் இஷ்டம்" என்றார். அப்புறம் அதே கண்ணியை மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் பின்னினார். அவர் கேட்கமாட்டார், உனக்கே தெரியும். அதனால் நான் கேட்கிறேன். நீ அந்த வேலைக்காகவா அங்கே இருக்கிறாய்? திமிங்கிலக் கொழுப்பு நாற்றத்தில் ஒரு குளிர்காலம் இருந்தவனுக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது என்று நீ சொன்னால் நான் நம்பவேண்டுமா? ஆன்ஃபின் மாமாவும் ஓலினேவும் குடியிருக்கும் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வரவேண்டும், அதுதானே உனக்குக் கஷ்டம்? திமிங்கிலக் கப்பல்கள் இந்த மாதம் தெற்கே கிளம்புகின்றன, இந்தக் கடிதம் அதில் வரும், நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்து சேரவேண்டுமே என்பதுதான் என் கவலை. அதனால் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. பாறைமேல் நீ இருந்தது எனக்குத் தெரியும். போர் முடிந்து போன வருஷம் நீ சீருடையோடு வந்து இறங்கி, படகுக் கொட்டகையில் வைத்து ஏதோ புதுச் செய்தி போல என்னிடம் சொன்னாயே, இங்கிலாந்தில் இருந்ததாக நாங்கள் நினைத்த காலத்தில் நம் தலைக்கு மேலேயே, பாறை இடுக்கில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ஜலசந்தியில் போகும் ஜெர்மன் கப்பல்களை எண்ணி ரேடியோவில் தட்டிக்கொண்டிருந்தாய் என்று, அன்றைக்கு நான் ஆச்சரியப்பட்டது போல நின்றேன். எனக்கு முன்னாலேயே தெரியும் மகனே. முதல் குளிர்காலத்தில் ஓலினே ஒரு சாம்பல் நிறக் காலுறையைக் கொண்டுவந்து "அக்கா, இவரோட சித்தப்பா பையன் ஓலெசுண்டில இருக்கான், அவனுக்கு இதே மாதிரி நாலு ஜோடி பின்னித் தரீங்களா, எனக்குக் குதிகால் சரியா வராது" என்றாள். கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். குதிகாலை இரட்டை நூலில் போட்டுப் பக்கவாட்டில் முடிப்பது என் கை, இந்தத் தீவில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. நீ படகேறிய அன்று நான் உன் பையில் வைத்த காலுறை அது. உன் தட்டலைக் கேட்டதுமே இங்கிலாந்தில் ரேடியோ கேட்டு எழுதும் ஒரு பெண் இது சீவர்ட் என்று சொல்லிவிடுவாள் என்றாயே, எனக்கு ஒரு கிழிந்த காலுறை போதுமாக இருந்தது. "பையன் காலு ரொம்பத் தேய்க்கும் போலிருக்கே" என்று மட்டும் சொன்னேன். அவளும் "ஆமாக்கா, அடங்காத காலு" என்றாள். அதற்குமேல் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் பால் கறக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பாறைப் பக்கம் அண்ணாந்து பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு வேலை. பனி கொட்டும்போது கழுத்து தானாகத் திரும்பும், திருப்பிப் பிடித்துக்கொள்வேன். கடைக்காரி செரீனே பார்த்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும், காய்ந்த மீனை ஒரு கட்டாகக் கட்டி ஓலினே வீட்டுப் படகுக் கொட்டகையில் போட்டுவிட்டு வருவார், கேட்டால் "எலிக்கு" என்பார்.

ஆன்ஃபின் மாமா உனக்காகப் பட்டது எல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன் பேட்டரிகளைச் சார்ஜ் ஏற்றுவதற்காகப் படகைத் துறையிலேயே கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, யாராவது வந்தால் எஞ்சின் கெட்டுப்போய்விட்டது என்று அதைக் கெட்ட வார்த்தையால் திட்டுவார். ஜெபக்கூடத்தில் முன்வரிசையில் உட்காரும் மனிதர் அப்படித் திட்டுகிறாரே என்று ஊர் சிரித்தது. "ஆன்ஃபினுக்கு மீனு வேணாம்டா, புகையே போதும், அதைக் குடிச்சே பசியாறிடுவான்" என்று செரீனேயின் புருஷன் கடையில் உட்கார்ந்து சொல்வான். அவர் சிரித்துக்கொண்டே போவார். பேட்டரியைக் கூடையில் வைத்து மேலே கடற்பாசியைப் போட்டு, ஆட்டுக்கு என்று சொல்லி மலை ஏறுவார். எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். ஆள் தேடி ஜெர்மன் படகு வந்தால் ஓலினே முற்றத்துக் கொடியில் வெள்ளை விரிப்பைக் காயப்போடுவாள், அதைப் பார்த்தால் நீ தட்டுவதை நிறுத்திவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று பேரும் நம் ஊர்க்காரர்கள் ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது உங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையன்று எந்தப் பெண்ணும் துணியை வெளியே காயப்போடமாட்டாள், கோடரியைத் தொடமாட்டான் எந்த ஆணும், ஆகவே ஜெர்மன்காரனும் அன்றைக்கு வரமாட்டான் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஜெபக்கூடத்தில் இருந்தோம். ஓலினே மாடு கன்று போடுகிறது என்று வீட்டில் தங்கிவிட்டாள். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் முனையைச் சுற்றிக்கொண்டு சாம்பல் நிறப் படகு வருகிறது. அன்றைக்குத் துவைத்த துணிக்கு எங்கே போவாள்? பெட்டியைத் திறந்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த கல்யாண விரிப்பு இரண்டையும் உருவிக் கொடியில் போட்டாள். நீ பார்த்தாய், போய்விட்டாய், பிழைத்தாய். நாங்கள் கூடத்திலிருந்து இறங்கி வரும்போது சிப்பாய்கள் துறையில் நிற்கிறார்கள். செரீனேவுக்கு அவர்கள் கண்ணில் படவில்லை, விரிப்புதான் பட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு "ஏண்டி ஓலினே, இன்னிக்கு என்ன கிழமைன்னு மறந்துபோச்சா? உங்கம்மா இருந்திருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்திருப்பா!" என்று சத்தம் போட்டாள். சிப்பாய்களோடு ஒரு மொழிபெயர்ப்பாளன் வந்திருந்தான், நம் நாட்டான், தெற்குக் கடற்கரைக்காரன். ஜெபக்கூடத்துக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவனாகத்தான் இருக்கவேண்டும். ஜெர்மன்காரர்களுக்கு ஞாயிறும் துணியும் ஒன்றும் இல்லை, அவனுக்குத்தான் அது உறைத்தது. மெதுவாக நடந்து வந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்து மொடமொடவென்று இருந்தது, மடிப்புத் தடம்கூடக் கலையவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆன்ஃபினைக் கொண்டுபோய்விட்டார்கள். ஓலினேவையும் கொண்டுபோகப் பார்த்தார்கள், அவர்தான் "விரிப்பைப் போடச் சொன்னது நான், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று முன்னால் வந்து நின்றார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. கொட்டகையில் வைத்து நீ என்னிடம் சொன்னாய், "அம்மா, அன்னிக்குப் பெரிய கப்பல் ஒண்ணு போச்சு, எனக்குச் சொல்லியிருந்த நேரத்துக்கு மேல தட்டிட்டேன், அந்தச் சத்தத்தை ரேடியோவில பிடிச்சுத்தான் வந்திருக்காங்க, மாமாவைக் கொன்னது நான்தான்" என்று. அப்போது அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. ஓலினே துறைக்கு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான், நீ அதைச் சாபம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த படகிலேயே கிளம்பிவிட்டாய். அப்புறம் ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து மீட்டு வைத்திருந்த சுவீடன் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்து சேர்ந்தார் என்று எழுதினேன், "மகிழ்ச்சி" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாய். இந்தக் கோடையில் புல் கட்டும்போது நான் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சொன்னார், விசாரணையில் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அவர்கள் கேட்டது விரிப்பைப் பற்றித்தானாம். உன் தட்டல் எதுவும் அவர்கள் காதில் விழவே இல்லையாம். கடல் தாண்டி ஆங்கிலேயரின் ஷெட்லாந்துக்குத் தப்பி ஓடும் படகைத் தேடித்தான் அன்றைக்கு இந்தப் பக்கம் வந்தார்களாம். நீ அரைமணி தட்டியிருந்தாலும் அதேதான், தட்டாமலே இருந்திருந்தாலும் அதேதான்.

ஓலினே என்ன சொல்கிறாள் தெரியுமா, எல்லாம் தன் விரிப்பால்தானாம், ஈர விரிப்பைப் போட்டிருக்கவேண்டுமாம், ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற நேரமில்லையா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். செரீனே அன்றிலிருந்து கூடத்தில் வாய்திறந்து பாடுவதில்லை, போன மாதம் என்னிடம் வந்து "என் நாக்குதான் அக்கா, என் நாக்குதான்" என்று அழுதாள். நீ அங்கே உட்கார்ந்து உன் விரல் என்கிறாய். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் அவரை அடித்தவர்களுக்கு என்னதான் மிஞ்சும்? எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது சீவர்ட். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லியே என் உயிர் போய்விடும் போலிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆன்ஃபின் வந்தார், நீ இன்னும் இரண்டு வருஷம் என்று எழுதியதைச் சொன்னேன். மிச்சமிருந்த காப்பியைப் போட்டுக் கொடுத்தேன். வலது கையில் இரண்டு விரல் மடங்காததால் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். முதலில் சிரித்தார். "நான் செத்துட்டேன்னு அவனுக்கு எவன் சொன்னான்? துக்கம் காக்கிறதெல்லாம் நான் போனப்புறம் வெச்சுக்கட்டும். மே மாசம் ஆட்டையெல்லாம் படகுல ஏத்தி வெளித்தீவுக்கு மேய விடணும், என் கை துடுப்புப் பிடிக்காது. போன தடவை பொம்பளைங்க ஏத்தினாங்க, ஆடு கொஞ்சம் கடல்ல, செரீனே கொஞ்சம் கடல்ல" என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், நீயும் கேட்டுக்கொள்: "அண்ணி, அங்க அவங்க அடிக்கும்போது எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. நான் வாயைத் திறக்கலைன்னா பையன் வீடு வந்து சேந்துடுவான்னு. நான் திறக்கலை. அவன் இன்னும் வீடு வந்து சேரலியே."

அவருக்குப் பதிலை நீதான் சொல்லவேண்டும்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காப்பாற்றட்டும், உன் கையும் காலும் முழுசாக இருக்கட்டும். நனைந்த உடையோடு தூங்காதே. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே, ஏற்கெனவே போட்டிருந்தால் போய்க் கேட்டு ரத்து செய்துவிடு. மே மாதம் இங்கே வந்து சேரும் முதல் கப்பலில் ஏறு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா ஆகோட்