மூன்றாம் கியரில் கத்திய இன்ஜின்

12 ஜூலை 2003, சனி

போரில் இடது காலை இழந்த சுபேதார் ராகவன் சார் மறுபடி கார் ஓட்ட ஆசைப்பட்டார். போன மாதம் அவருடைய காரில் இடது கால் தேவைப்படாத பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன்.

இன்று கோர்படியில் இருக்கும் வீட்டிலிருந்து என் ஒர்க்‌ஷாப்புக்கு அவரே ஓட்டி வந்தார்.

"மூணாம் கியர்ல இன்ஜின் கத்துதுப்பா, வண்டி வேகமெடுக்க மாட்டேங்குது."

கியர் ஆயில் கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைத் தளர்வாக விட்டிருந்தேன். ஆயில் அழுத்தம் போதாமல் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிட்டன. தவறு என்னுடையது.

"பழைய கியர்பாக்ஸ் சார், உள்ள தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"நீ என்னப்பா பண்ணுவே" என்றார்.

காரை என்னிடம் விட்டுவிட்டு அவர் கிளம்ப, ஆட்டோவில் ஏறக் கைகொடுத்தேன். வேண்டாமென்று ஊன்றுகோலைப் பிடித்து அவரே மெதுவாக ஏறினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.