நீ பொறுக்கிக் கொடுத்த மண் நிறம்

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், உன் சுகம் போனில் பாதிதான் தெரிகிறது, மீதியை எழுது. பேச ஆரம்பித்தால் அப்பா நடுவில் பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் உன் தங்கையைத் தூங்க வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

பெயிண்ட் அடித்தாகிவிட்டது. பார்க்கவே பிடிக்கவில்லை. என்னைக் கேட்காமல் நீயும் அப்பாவும் போனிலேயே முடிவு செய்த அதே மண் நிறம்தான். பால்கனிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசி, நல்ல வெயிலில் படம் பிடித்து அனுப்பினாராம், நீயும் "சூப்பர்ப்பா, இதையே அடிங்க" என்றாயாம். வெயிலில் எதுதான் அழகாக இல்லை. நம் ஹாலுக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதையும் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகு, இது இரண்டு பேருக்குமா மறந்து போயிற்று. முதல் கோட் அடித்தபோதே சேறு மாதிரி இருக்கிறதே என்றேன், பெயிண்டர் "காஞ்சா தெளிஞ்சிடும்மா" என்றார். காய்ந்தது, இன்னும் கறுத்தது. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு துணி மடிக்கிறேன். அப்பாவோ சோபாவில் சாய்ந்துகொண்டு, மண்ணைப் பார்த்தால் மனசு அடங்கும் என்கிறார். அவர் மனசு எப்போது ஆடியது, இப்போது அடங்க. எதிர் வீட்டு டீச்சர் வாசலில் நின்றபடியே "என்னங்க, சுவரெல்லாம் ஓதம் ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார், எனக்கு மானமே போயிற்று. நேற்று சாயங்காலம் சுவிட்சைத் தேடித் தடவினேன், விரலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. கரப்பான். அதே நிறம், அதே மினுமினுப்பு, சுவரோடு சுவராக. வெள்ளைச் சுவரென்றால் தூரத்திலேயே தெரியும், துடைப்பத்தோடு போவேன். இப்போது எத்தனை உட்கார்ந்து என்னைப் பார்க்கின்றனவோ. கையைத் திரும்பத் திரும்பக் கழுவியும் அருவருப்பு போகவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த உன் குட்டித் தங்கை இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறாள், எதன் மேல் கை வைப்பாளோ என்று பின்னாலேயே அலைகிறேன்.

இதையும் சகித்திருப்பேன். ஹாலை முடித்துவிட்டுப் பெயிண்டர் ஏணியை உன் அறைப் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றேன். அப்பா சர்வ சாதாரணமாக, "அவளே சொல்லிட்டா, 'என் ரூமையும் சேர்த்து அடிச்சிடுங்க, நான் என்ன அங்க வந்தா இருக்கப் போறேன்'னு" என்றார். நேற்று கரப்பானைத் தொட்டபோது கூசியதைவிட அன்று அதிகமாகக் கூசியது. காலேஜ் முடித்த கையோடு உன்னைப் பெற்றவள் நான், வேலை, தனி வீடு என்று நீ ஆசைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக அதைப் பெயிண்ட் பேச்சுக்கு நடுவில், அதுவும் அப்பாவிடம் சொல்வதா. அறையைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு, "அப்ப எப்பம்மா வரட்டும்?" என்று கேட்டார். என் பெரிய பெண் வந்த பிறகு என்றேன். மிச்சப் பெயிண்ட் மூடி போட்டுப் பால்கனியில் இருக்கிறது.

ஒருமுறை வா. இந்த ஹாலில் லைட் போடாமல் ஒரு பகல் உட்கார்ந்து பார். அதற்குப் பிறகும் உன் அறைக்கு இதே நிறம்தான் என்றால், சாவியை நானே எடுத்துத் தருகிறேன். போனில் சொன்னால் செல்லாது.

நேரத்துக்குச் சாப்பிடு. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்காதே. நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. வரும்போது கரப்பான் மருந்து வாங்கி வா, இங்கே விற்பதைத் தின்று அவை கொழுத்துவிட்டன.

உன் அறைச் சாவியோடு,
அம்மா