கொக்கி பிடித்த நாள்

என் கோபக்காரருக்கு,

இன்று பிடித்துவிட்டது! போர் விமானத்தின் வாலடியில் நான் வடிவமைத்த கொக்கி, கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைக் கவ்வி, அவ்வளவு பெரிய விமானத்தை நிறுத்திவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற வெல்டரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், மிரண்டுபோனார்.

போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள்தான் எடுப்பதில்லை. அதை விடுங்கள்.

சக்கரம் தளத்தில் பட்டதும் விமானி வேகத்தைக் குறைப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, இஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்குவார். கொக்கி தவறினால் கடலில் விழாமல் மறுபடி பறக்க வேண்டுமே.

இறங்கி வந்த விமானியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "கிளம்புறதுக்கு ரெடியாத்தாங்க வரணும். ஆனா புடிச்ச அப்புறமும் உறுமிக்கிட்டே இருந்தா, பாவம், கம்பி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று சிரித்தார்.

எனக்கு, வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னைத் திட்டும் உங்கள் குரல்தான் கேட்டது. "வரும்போதே கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டு வர்றே. பையக்கூடப் பிரிக்கிறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பெரிய பெட்டியோடு. அலமாரியில் என் தட்டில் உங்கள் புத்தகங்களை அடுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். எனக்கு அந்த இடம் வேண்டும்.

உங்கள்
கொக்கிக்காரி