மூன்றாவது பொருள்

மார்ச் 4, செவ்வாய்

இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஆங்கில–தமிழ் அகராதி கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. இன்று 'ஜி' எழுத்து. அதில் 'கால்' (gall) என்று ஒரு சொல். நடக்கிற கால் இல்லை. ஈரலில் சுரக்கிற பித்தநீர். அது கசக்கும் என்பதால் அப்புறம் மனக்கசப்புக்கும் அதே சொல்லாகிவிட்டது. மூன்றாவது பொருள் ரொம்பப் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு அகராதி ஆசிரியர் போட்டிருப்பது: துணிச்சல்.

துணிச்சலா? அது பாதிப் பாராட்டு. இதுவோ சுத்தமான ஏச்சு. "எவ்வளவு 'கால்' இருந்தா என்கிட்டயே கேட்பான்" என்று பொரிந்து தள்ளும்போது வருவது. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.

மார்ச் 5

ஆசிரியர் கேள்விக்குறியை அழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"எழுத்துப்பிழை இருந்தா சொல்லுங்கம்மா. பொருள் என் வேலை." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போ நான் யாரு? கமா பொறுக்கவா வந்தேன்?

"தப்பான பொருளும் பிழைதான் சார்."

"அப்ப சரியானதைக் கொண்டு வாங்க. திங்கட்கிழமை பக்கம் அச்சுக்குப் போகுது."

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதில் எனக்குப் பெருமைதான்.

மார்ச் 9, ஞாயிறு

திமிர், துடுக்கு, அகந்தை — எழுதி எழுதி அடித்தேன். எதிலும் உடம்பு இல்லை. பித்தநீரிலிருந்து கிளம்பின சொல்லாச்சே.

வீட்டுக்காரர் துணி மடித்தபடியே முழுக் கதையும் கேட்டார். "அவர் ரூமுக்கே போய் அவர் எழுதினதையே தப்புன்னு சொன்னியா? உனக்குக் கொழுப்புடி."

கொழுப்பு. அவர்களுக்குப் பித்தநீர், நமக்குக் கொழுப்பு. இரண்டுமே உடம்பில் ஊறி வாய்க்கு வந்தவை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். மனுஷன் பயந்தே போனார்.

மார்ச் 10

'கொழுப்பு' என்று சீட்டில் எழுதி ஆசிரியர் மேசையில் வைத்தேன்.

"இது பேச்சு வழக்காச்சே."

"திட்டுறது பேச்சுலதானே சார்."

சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

அகராதி வந்துவிட்டது. தலையணை கனம். நின்றபடியே 'கால்' இருக்கும் பக்கத்தைத் தேடினேன். 1. பித்தநீர். 2. மனக்கசப்பு. 3. கொழுப்பு. அதன் கீழே, நான் கொடுக்காத எடுத்துக்காட்டு ஒன்று: 'மெய்ப்புத் திருத்த வந்தவர் ஆசிரியரையே திருத்தினார், என்ன கொழுப்பு!'

மூன்று தடவை படித்தேன். அச்சுப்பிழை எதுவும் இல்லை.